அவருக்கு மட்டும் குளிர்ந்த வெயில்

பாதி ஆயுளை ரொட்டி அடுப்பின் வாயில் நின்றே ஓட்டியவருக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. விடியுமுன் மாவு பிசைய ஆரம்பித்து, கடைசித் தட்டையும் இழுத்துப் போட்டுவிட்டு பேக்கரிக்காரர் தெருவில் கால் வைக்கும்போது சூரியன் உச்சியை நெருங்கியிருக்கும். நனைந்த பனியனை உதறியபடி, "அடடா, என்ன காத்து!" என்பார். நிழல் தேடி ஓடுகிறவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அவர் வீட்டு நாய்க்கு ரஸ்க் என்று பெயர். எலும்பும் தோலுமாக வந்த குட்டிக்கு அப்போது பொருந்திய பெயர். உடைந்த பன், ஓரம் வெட்டிய ரொட்டி எல்லாம் அதன் வயிற்றுக்கே போனதில், இப்போது விலா எலும்பைத் தடவித் தேட வேண்டும். முகமும் நரைத்துவிட்டது. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒருநாள் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"அண்ணே, இதுக்கு இடுப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க, அளவெடுத்துக்கறேன். உங்க சரக்குக்கு இதவிட விளம்பரம் வேணுமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் சிரித்து வைத்தார். ஆனால் சுருக்கென்றது. மறுநாள் வேலை முடிந்ததுமே வீட்டுக்கு வந்து நாயின் கயிற்றை எடுத்தார்.

"இந்த வெயில்லயாங்க? சாயங்காலம் போலாமே," என்றாள் மனைவி.

"சாயங்காலம் நான் தூங்க வேணாமா? நல்லா காத்தடிக்குது. கொழுப்பு கரையணும்னா கொஞ்சம் வேர்க்கட்டும்."

நாய்க்கு மனுஷனைப் போல வேர்க்காது என்பதை அவர் யோசிக்கவில்லை.

தெரு முனையிலேயே ரஸ்க் ஒரு வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டது. நாக்கு தரையைத் தொடாத குறை. "டேய் சோம்பேறி, எழுந்திரு." இழுத்தார், எழுந்தது. சற்று தூரம் போய் மறுபடி உட்கார்ந்தது. மறுபடி இழுத்தார். தார் சுடுகிறதோ என்று குனிந்து தொட்டும் பார்த்தார். சூட்டுத் தட்டைத் துணியில்லாமல் திருப்பிக் காய்த்துப்போன கைக்கு அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தையல்கடையைத் தாண்டும்போது, தையல்காரர் பார்க்கட்டும் என்று நடையை எட்டிப் போட்டார். நாய் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தது. பிறகு அதன் பின்னங்கால்கள் பின்னின. எச்சில் நூலாக வழிய, அப்படியே சாய்ந்தது.

தையல்காரர்தான் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்து அதை நனைத்தார், வண்டி பிடித்தார். மனைவியும் ஏறிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். காய்ச்சல் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சூடு ரொம்ப ஏறியிருக்கு. எப்போலருந்து இப்படி? நடுவுல எங்கயாவது உக்காந்துச்சா?"

மனைவி கணவரின் முகத்தையே பார்த்தாள்.

"இல்லம்மா. நல்லாத்தான் வந்துச்சு. திடீர்னு விழுந்துருச்சு."

"திடீர்னா? அப்ப இதயத்துலயும் கோளாறு இருக்கலாம். முதல்ல அதைப் பாத்துடறேன்."

மருத்துவர் வேறு கருவியை எடுக்கத் திரும்பினார். மேசைமேல் நாயின் வயிறு விசுக் விசுக்கென்று ஏறி இறங்கியது. பேக்கரிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அம்மா, பொய் சொல்லிட்டேன்," என்றார். "உக்காந்துச்சு. நாலஞ்சு தடவை உக்காந்துச்சு. நான்தான் இழுத்தேன்."

மருத்துவர் திட்டவில்லை. "சரி, தெரிஞ்சுடுச்சுல்ல. மின்விசிறியை இங்க திருப்புங்க. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க," என்று ஊசியை எடுத்தார்.

தண்ணீரை ஊற்றியபடியே மனைவி மெதுவாகச் சொன்னாள்: "முடியலன்னு நாலஞ்சு தடவை சொல்லியிருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வெகுநேரம் கழித்து மூச்சு சீரானது. "பொழச்சுக்கும்," என்றார் மருத்துவர். "வயசான நாய், எடை வேற. சாப்பாட்டக் குறைங்க. வெயில் தாழ்ந்தப்புறம் கொஞ்ச தூரம் போதும். அது உக்காந்தா நீங்களும் உக்காருங்க. இப்ப அசையாம படுத்திருக்கணும்."

ரஸ்க் கண்ணைத் திறந்தது. அவர் நிற்பதைப் பார்த்ததும், கூப்பிடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது.

"வேணாம்டா. படு," என்றார். அது கேட்கவில்லை; அவரைப் பார்த்தபடியே மறுபடி ஊன்றியது.

அவர் வெளியே போய், அதன் கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.