ஈயத்தாள் அட்டை போட்ட பிரெஞ்சுப் புத்தகம்

என் லொறியின் முன்பெட்டியில் ஒரு பழைய பிரெஞ்சு மொழிப் புத்தகம் கிடக்கிறது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளை மடித்து அதற்கு அட்டை போட்டிருக்கும். அதில் ஓர் எழுத்துக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு எழுந்து வந்தவன் நான். ஆனாலும் தமிழ், சிங்களம், துரைமாரின் இங்கிலீசு, தேத்தண்ணிக் கடைக்காரரின் மலையாளம், துணிக்கடை சேட்டின் இந்தி என்று ஐந்து மொழி பேசுவேன். என் பிழைப்பு ஓடுவது இந்த வாயால்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். அந்தப் பேச்சில் முதல் ஓட்டை போட்டவர் இந்தப் புத்தகத்துக்குச் சொந்தக்காரர்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். அப்போது ஹட்டனில் வாடகைக் கார் ஓட்டினேன். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன் மதராசில் விமானம் ஓட்டப் படித்து, லைசன்சோடு வந்திருந்தார். இரண்டு வருசமாக வேலை இல்லை. அந்த வருசக் கடைசியில் அப்பாவுக்கு ஓய்வு. ஓய்வென்றால் தோட்டத்து வீட்டையும் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும். எங்கே போவதென்று அவர்களுக்குத் தெரியாது.

"ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவங்க வரிசையில நிக்கிறாங்க, அண்ணே. புதுசா வந்தவன்கிட்ட என்ன இருக்கு? மொழியாவது இருக்கட்டும்" என்பார். இங்கிலீசும் சிங்களமும் போதாதென்று பிரெஞ்சையும் தானாகவே படித்தார்.

"நானே சாட்சி தம்பி, படிங்க" என்று நானும் ஏற்றிவிட்டேன்.

கடைசியில் சரக்கு ஏற்றுகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொழும்புக்குக் கூப்பிட்டது. என் காரில்தான் போனார். வழியெல்லாம் பிரெஞ்சு. சோதனை எடுத்த வெள்ளைக்காரருக்கு அவர் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பிறகு இருவரும் பறந்தார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தவர் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தக்கூட மறந்திருந்தார்.

கினிகத்தேனை வளைவுகளில் ஏறும்போதுதான் வாய் திறந்தார். மலைப் பக்கம் மேகம் அடர்ந்து நின்றதாம். "அதுக்குள்ள போ" என்றாராம் வெள்ளைக்காரர். போகக் கூடாதென்று இவருக்குத் தெரியும். ஆனால் "யெஸ் சேர்" என்று சொல்லி மேகத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அந்த ஆள் உடனே விமானத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். முடியாதென்று சொல்கிறாரா என்று பார்க்க வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறார்; வேலை தரவில்லை.

"தப்புன்னு தெரியுமில்ல, தம்பி?"

"தெரியும் அண்ணே. வாய் வரல. தொரைக்கிட்ட எங்கப்பா முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல."

அவரைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு பாலம் ஞாபகம் வந்தது. வெள்ளம் மேலே ஓடும்போது "போ" என்று துரை சொல்ல, "சரிங்க தொரே" என்று காரை விட்டவன் நான். அதை என் வீரமாகவே வருசக் கணக்கில் சொல்லி வந்தேன். துரையைக் கண்டால் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, பாதையை விட்டு இறங்கி நிற்பது எங்கள் பழக்கம். எனக்கு ஐந்து மொழி தெரிந்தும் எல்லாவற்றிலும் சரிங்க மட்டும்தான் வந்தது. அன்றோடு அந்தப் பாலத்துக் கதையைச் சொல்வதை விட்டேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும்.

அந்த வெள்ளைக்காரர் நல்ல மனிதர். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தார். இரண்டாம் பயணத்தில் தம்பி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு வளைவில் முன்னால் போன பஸ்ஸை முந்தப் பார்த்தேன்.

"வேணாம் அண்ணே. பின்னால போங்க."

"இந்த ரோட்டுல எனக்கே சொல்றீங்களா? கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்."

"கட்டிக்கிட்டு ஓட்டுங்க. நான் இங்கயே இறங்கிக்கிறேன்."

 கை கதவுப் பிடியில் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸின் பின்னாலேயே போனேன். வளைவுக்கு அப்பால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று எதிரே வந்தது.

அன்று வேலை கிடைத்தது. வீட்டைக் காலி பண்ணுவதற்கு முன்பே அப்பா அம்மாவைக் கண்டியில் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்தார். வேலைக்குப் போன நாட்டில் பிரெஞ்சு நன்றாக உதவியதென்றும், சம்பளத்தில்கூட அதற்கென்று கொஞ்சம் சேர்த்தார்களென்றும் எழுதினார். அதனால் மொழி வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். புத்தகத்தை என் காரிலேயே விட்டுப் போயிருந்தார்.

இப்போது நாலு லொறி வைத்திருக்கும் என்னிடம் டிரைவர் வேலை கேட்டு வருகிற பையன்களும் தெரிந்த மொழிகளைத்தான் முதலில் அடுக்குகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்வேன். போன வாரம் வந்தவனுக்கு மூன்று மொழி. இறம்பொடை வளைவில் பனி இறங்கியிருந்தது. முன்னால் ஒரு பஸ்.

"முந்து" என்றேன்.

அவன் பிரேக்கை மிதித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்குங்க மொதலாளி, ஏலாது" என்றான்.

முன்பெட்டியைத் திறந்து, ஈயத்தாள் அட்டைக்குக் கீழே கிடந்த இன்னொரு லொறியின் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.