ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வைத்த பொட்டு

கஜா பெராங்கில் ராஜரத்தினத்தின் பட்டறைக்கு யாரும் வழி கேட்பதில்லை. தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கிற பக்கமாக நடந்தால் போதும். ரப்பர் ஷீட் போடுகிற கித்தா மில்களுக்கும் ஐஸ் ஃபேக்டரிகளுக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறவர் அவர். பெரிய மோட்டாரைப் பக்குவமாக ஓட்டிவிடவும், ஏதாவது கோளாறு என்றால் சட்டென்று நிறுத்தவும் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி மாட்டியிருப்பார்களே, அதுதான். ஆட்களிடம் அதட்டிப் பேசுகிற மனுஷர், பெட்டிக்கு முன்னால் மட்டும் குழைந்து போவார். ஒரு திருகு கோணலாக ஏறிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அதற்குக் காரணம் உண்டு. அவருடைய மனைவி கமலவேணியின் தம்பி சுப்பையன், கித்தா மில்லில் மூடியில்லாத ஸ்விட்சை ஈரக்கையோடு தொட்டு, நின்ற இடத்திலேயே போய்விட்டான். மச்சானைத் தோளில் தூக்கி வந்த ராஜரத்தினம், மறுபடி அந்த மில்லுக்குள் காலை வைக்கவில்லை. மூடிய பெட்டி செய்வது எப்படி என்று அலைந்து திரிந்து கற்றுக்கொண்டார்.

பட்டறையை விட்டுப் பெட்டி கிளம்பும்போதெல்லாம் கமலவேணி கதவைத் திறந்து, உள்ளே கரண்ட் பாயாத பேக்கலைட் பலகையில், மூன்று செம்பு முனைகளுக்கும் நடுவில் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இடுவாள். "யாரு கையையும் சுட்டுறாதே" என்று பிள்ளையிடம் சொல்வதுபோல் பெட்டியிடம் சொல்வாள். ராஜரத்தினம் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொள்வார். பொட்டு வைக்காத பெட்டியை லோரியில் ஏற்ற அவர் சம்மதித்ததே இல்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் வேறு சர்க்கார் என்றாகிவிட்டது. இங்கே இன்ஸ்பெக்டர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, "பாகுஸ்", நல்லது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட பெட்டி அங்கே செல்லாது. அவர்கள் சோதனை வேறு. சிங்கப்பூரில் தவுக்கே ஒருவர், சீன முதலாளி, அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கிற ஃபேக்டரிகளுக்குப் பெட்டி கேட்டிருந்தார். அங்கத்திய சோதனையில் தேறினால்தான் வாங்குவார். இங்கேயோ தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள், மில்கள் மூடிக்கொண்டே வருகின்றன. இந்தப் பெட்டி தேறாவிட்டால் பட்டறையைச் சாத்திவிட்டு ராஜரத்தினம் சிங்கப்பூர் துறைமுகத்துக்கு வயர்மேன் வேலைக்குத் தனியாகப் போவது என்று பேசி வைத்திருந்தார்கள். வேணி சமையல் இல்லாமல் ஒரு நாள் இருந்தாலே வயிறு கெட்டுப் போகிறவர், அங்கே எப்படிக் காலம் தள்ளுவார் என்பது வேறு கதை.

பெட்டியோடு அவரும் போனார். சோதனைக்கூடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் கணேசமூர்த்தி என்பவர் பெட்டியை நீராவி நிறைந்த அறையில் நன்றாக ஊற வைத்து எடுத்து, முனைகளுக்கு இடையே பெரிய வோல்டேஜ் கொடுத்தார். பளிச்சென்று நீலமாக வெட்டியது. பலகையில், பொட்டு இருந்த இடத்தின் வழியாக ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கருகலாக ஒரு கோடு ஓடியிருந்தது.

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "உது குங்குமமல்லோ? காய்ஞ்சு கிடக்கேக்க ஒண்டும் செய்யாது. ஈரம் குடிச்சால் கரண்டுக்கு நீங்களே ரோட்டுப் போட்டுக் குடுத்த மாதிரி."

ராஜரத்தினம் அந்தக் கருகல் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"துடைச்ச பெட்டி ஒண்டு கொண்டு வாங்கோ, தேறும். ஆனால் நீங்கள் வித்த மற்றப் பெட்டியளிலையும் இது இருக்கோ?"

திரும்பி வரும் வழியில், மூவார் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்தபோதும் அந்தக் கேள்வி அவரைவிட்டு நகரவில்லை. வேணியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தார். திருகு லூசு என்று சொல்லலாம். அவர் திருகு லூசாக விடுகிறவரா என்று அவள் சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும், கருகிய பலகையை அப்படியே அவள் முன்னால் வைத்துவிட்டார்.

அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "நான் வெச்சதா?"

"நாந்தானே வேணி செஞ்சவன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"இங்க மில்லுங்கள்ல எல்லாம் ஈரந்தானே. தொவச்சு வெச்ச சட்டை மாதிரி சொட்டுதே."

"தவுக்கே வெள்ளிக்கிழமை லோரிக்குப் புதுப் பெட்டி கேட்டிருக்காரு. அத முடிச்சு அனுப்பிட்டு, அப்புறமா ஒவ்வொண்ணாப் போய்ப் பாக்கலாம்."

"லோரி காத்திருக்கும்ங்க. கரண்டு காத்திருக்குமா?"

ஸ்பிரிட் போத்தலும் பழைய வேட்டித் துணியுமாக இருவரும் பஸ் ஏறினார்கள். ஆயர் குரோ, டுரியான் துங்கால், அலோர் காஜா என்று மில் மில்லாகப் போய், மெயினை நிறுத்தச் சொல்லிப் பெட்டியைத் திறந்து துடைத்தார்கள். ஒரு முதலாளி, "கெட்ட சாமானையா என் தலையில கட்டின?" என்று கத்தினார். யார் கத்தினாலும் திருப்பிக் கத்துகிற ராஜரத்தினம் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைப் பார்க்கத்தான் கமலவேணிக்குத் தாங்கவில்லை.

புதுப் பெட்டி தாமதமாகத்தான் சிங்கப்பூர் போனது. அது தேறியது, தவுக்கே முணுமுணுத்துக்கொண்டே முதலில் சொன்னதில் பாதியை வாங்கினார், பட்டறை பிழைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ராஜரத்தினம் பிற்காலத்தில் யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால், சிங்கப்பூரை இரண்டே வரியில் முடித்துவிட்டு, குருபோங் பக்கத்து மில்லுக்குத்தான் வருவார்.

அவர்கள் கடைசியாகப் போன மில் அது. அங்கே இஞ்சின் பார்க்கிற பொன்னுதுரை, கமலவேணி துணியை எடுத்ததும் குறுக்கே கையை நீட்டினார்.

"அத அழிக்காத தங்கச்சி. தெனம் காலையில கதவத் தெறந்து அந்தப் பொட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் மோட்டாரப் போடுறேன்."

ராஜரத்தினம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மோட்டார் ஓடாவிட்டாலும் மேல்முனைகளில் கரண்ட் இருந்துகொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு நடுவில், விரல் நகர இடமில்லாத இடுக்கில், இந்த மனிதர் தினமும் கையை விட்டிருக்கிறார். அங்கே பொட்டு மட்டும் இல்லாவிட்டால் அவர் எதற்குக் கதவைத் திறக்கப்போகிறார்? ராஜரத்தினம் பக்கத்திலிருந்த கித்தாக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கமலவேணி பொன்னுதுரையின் வலது கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல கை, முழுசாக இருந்தது. அவள் அழுதாள். அழுதுகொண்டே பலகையைத் துடைத்தாள்.

"அப்ப நான் எதம்மா தொட்டுக் கும்பிடுறது?" என்றார் பொன்னுதுரை, பாவமாக.

அவள் கதவைச் சாத்தினாள். அவருடைய உள்ளங்கையை எடுத்து வெளித்தகரத்தின்மேல் வைத்தாள்.

"இதத் தொட்டுக்குங்கண்ணே. இந்தத் தகரத்த எர்த் கம்பி போட்டு மண்ணோட சேத்துக் கட்டியிருக்காரு. உள்ள என்ன கோளாறு ஆனாலும் கரண்டு மண்ணுக்குத்தான் போகும், உங்க கைக்கு வராது. என் வீட்டுக்காரரு கட்டினது அவுறாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ராஜரத்தினத்தின் வேலையைப் பற்றி அவள் அடுத்தவரிடம் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கும் அந்த எர்த் கம்பிய இன்னொரு தரம் முடுக்கிடுறேன்" என்றார்.