பால் மறக்கடிக்கக் கோபிக்கு பஸ் ஏறினேன்

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் பெண் போன வாரம் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு எப்படிப் பால் நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். "கோபிக்கு பஸ் ஏறினேன்" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. அவளுக்குப் படிக்கட்டிலேயே நின்று ஒரு மணி நேரம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பஸ் கட்டணங்களை நம்பாதீர்கள். மற்றதை நம்பலாம்.

1996, மே மாதம். அப்போது கோவை சிங்காநல்லூரில் குடியிருந்தோம். மகள் சிந்துவுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். ஜூனில் நான் மறுபடியும் பள்ளிக்கூட வேலைக்குப் போக வேண்டும். பிரசவத்துக்கு எடுத்த விடுப்பு நீண்டுகொண்டே போய், இந்த முறையும் வராவிட்டால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சிந்துவோ சோற்றை மூன்று வாய்க்கு மேல் வாங்க மாட்டாள். "இங்கா" என்று ஒரு சொல், என் முந்தானையில் ஓர் இழுப்பு. அவளுக்குச் சாப்பாடு, தூக்கம், ஆறுதல் எல்லாம் அது ஒன்றுதான். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தாள், கவுனின் ஓரத்தால் துடைத்தாள், தொடர்ந்தாள். எனக்குத்தான் இரண்டு நாள் அந்த வாடை போகவில்லை.

கோபிசெட்டிபாளையத்துக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி, சத்தியமங்கலம் சாலையில், என் கணவரின் அக்கா தோட்டத்தில் குடியிருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "புள்ளையக் கொண்டுக்கிட்டு வா கண்ணு. நாலு நாள்ல மறந்துபோடும். ஆனா ஒண்ணு, நாஞ் சொல்றபடி நீ கேக்கோணும்."

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தையோடு தனியாக நான் செய்த முதல் வெளியூர்ப் பயணம் அது. காந்திபுரத்தில் காலை ஆறே முக்காலுக்கு பஸ். அவிநாசி, நம்பியூர் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டரை மணி நேரம், பதினான்கு ரூபாய். என் பையில் இருந்தவை: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஐந்து லிட்டர் கேனில், டின் மாவு, காய்ச்சல் மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து, தெர்மாமீட்டர் இரண்டு (ஒன்று உடைந்தால் என்ன செய்வது), பதினாறு கவுன். பையைப் படியிலேற்றிக் கொடுத்த கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, கொழந்தைக்கு டிக்கெட் வேண்டாமுங்க. இந்தப் பைக்குத்தான் ஒரு முழு டிக்கெட் போடோணும்."

ஜன்னலோர இருக்கையைப் பிடியுங்கள். நம்பியூர் தாண்டிக் கோபி நெருங்கும்போது நிலத்தின் நிறமே மாறிவிடும். அதுவரை காய்ந்த மேய்ச்சல் காடும் கிளுவை வேலியும், பிறகு திடீரென்று வாய்க்கால், வாழை, தென்னை, நாற்று. சிந்து அதையெல்லாம் பார்க்கவில்லை. முந்தானைக்குள் இருந்தாள்.

கோபியில் நங்கையாவின் கணவர் மொபெட்டோடு நின்றார். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சிந்துவை முன்னால் நிற்கவைத்து, ஹாரனை அவள் கையில் ஒப்படைத்துவிட்டார். ஆறு கிலோமீட்டரும் ஹாரன் ஓயவில்லை. பின்னால் தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்தபடி நான். "கெணத்துல தண்ணி இருக்குதுங்க அம்மணி" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். கோவையில் நானும் வாரம் ஒரு முறை செய்வதுதான். ஆனால் அன்று காலையில் கடைந்த வெண்ணெயை அப்போதே உருக்கி, முருங்கைக்கீரை பொரிந்த நெய்யாக மேலே ஊற்றினால் அது வேறு சாதம். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சிந்து தன் பங்கைக் கோழிக்குஞ்சுகளுக்கு இறைத்தாள். கோழிக்குஞ்சுகள் நன்றாகச் சாப்பிட்டன.

சாயங்காலம் நங்கையா சட்டத்தைச் சொன்னார். "பொழுது எறங்குனா புள்ள எங்கூட வாசல்ல படுக்கும். நீ உள்ள படுத்துக்கோ. அழுதுன்னு எந்திரிச்சு வரப்படாது."

"காய்ச்சல் வந்துட்டா நங்கையா?"

"வந்தா ஒனக்குத் தெரியாமயா போகும்? ரெண்டு தெர்மாமீட்டர் கொண்டாந்திருக்கியே."

சொன்னதோடு விடவில்லை, கயிற்றுக் கட்டிலை என் அறைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். சிந்து அழுதாள். அண்ணா கன்றுக்குட்டியைக் காட்டினார். மறுபடி அழுதாள், மறுபடி கன்றுக்குட்டி. அதன் பிறகு சத்தமே இல்லை. அழுகையைக்கூடத் தாங்கிவிட்டேன், அந்தச் சத்தமில்லாமையை என்னால் தாங்க முடியவில்லை. மூச்சு விடுகிறாளா என்று கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டதில் நங்கையாவின் குறட்டை மட்டும் கேட்டது.

காலையில் சிந்து வாசலில் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "இங்கா" என்று முந்தானையைப் பிடித்தாள். எனக்கோ இரண்டு பக்கமும் பால் கல்லாகக் கட்டிக்கொண்டு, கை பட்டாலே உயிர் போனது. ரவிக்கை நனைந்து, துண்டு போட்டு மூடியிருந்தேன். அவளுக்கும் வேண்டும், எனக்கும் வலி. ஒரே ஒரு தடவை கொடுத்தால் என்ன? உட்கார்ந்தே விட்டேன். நங்கையா வந்து அவளை என் மடியிலிருந்து அள்ளிக்கொண்டு போனார். இருவருமாக அழுதோம், தனித்தனி இடங்களில்.

திரும்பி வந்த நங்கையா என் தோளைத் தொட்டுப் பார்த்தார். "ரொம்பக் கட்டிக்கிச்சா?"

"இதுக்கு மேல என்னால ஆகாது நங்கையா. ஊருக்குப் போயிர்றேன். வேலை போனாப் போகட்டும்."

"போறதுன்னா போ. அதுக்கு முன்னால சத்திக்குப் போயி மல்லியப்பூ வாங்கிட்டு வா. உதிரியா, கால் கிலோ. நெருக்கமாச் சரங் கட்டி மார்ல வெச்சுக் கட்டுனா ரெண்டு மூணு நாள்ல வத்திப்போடும். எனக்கு மூணு புள்ளைக்கும் அப்படித்தான்."

கோபியிலும் பூ கிடைக்கும். சத்தியமங்கலத்துப் பூதான் காலையில் பறித்தது என்றார். என்னை அன்று பகல் முழுக்க சிந்துவின் கண்ணில் படாமல் அனுப்புவதுதான் நோக்கம் என்பது எனக்கு ஊர் திரும்பிய பிறகே புரிந்தது. சாப்பாடு அடைத்த ஒரு தூக்குப்போசியைக் கையில் கொடுத்து, "சீக்கிரமா வந்துபோடாத" என்றார். ஊருக்கு வந்த விருந்தாளியை யாரும் இப்படி வழியனுப்பியிருக்க மாட்டார்கள்.

தோட்டத்து வாசலிலேயே கை காட்டினால் பஸ் நிற்கும். பதினெட்டு கிலோமீட்டர், நான்கு ரூபாய். இரண்டு வருடத்தில் முதல் முறையாக மடியில் குழந்தை இல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பாதி வழியில் பக்கத்து இருக்கைப் பெண்மணி என்னையே பார்ப்பதைக் கவனித்துக் குனிந்தேன். மடியிலிருந்த கைப்பையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தியமங்கலம் பூக்கடைகளை யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, வாசம் பிடித்தே போய்விடலாம். ஈரச் சாக்குகளில் மொட்டு குவிந்து கிடந்தது. ஓர் அம்மாளிடம் கால் கிலோ கேட்டேன்.

"தலைக்குங்களா, சாமிக்குங்களா?"

"சாமிக்கு" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

தராசை அப்படியே பிடித்தபடி என்னையும் நான் மார்பில் அணைத்திருந்த துண்டையும் பார்த்தார். "சாமிக்கு வாங்கறவங்க எதுக்குங்க தலையக் குனியறாங்க? கொழந்தைக்கு எத்தன வயசு கண்ணு?"

சொன்னேன். பக்கத்துக் கடைக்கு எட்டிப் பார்த்து, "ரெண்டேகால் வருசமாமா" என்றார். அங்கிருந்த அம்மாள், "எம்பட பையன் மூணு வருசம் விடல. இன்னைக்கு லாரி ஓட்டறான்" என்றார். ஆளுக்கு ஒரு கைப்பிடி மேலே போட்டார்கள். பன்னிரண்டு ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்கள். நான் சிரித்துவிட்டேன், வலியோடுதான்.

சீக்கிரம் வரக் கூடாது என்பதால் பவானி ஆற்றுக்குப் போனேன். படித்துறை நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தால் சந்தகை. புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிந்து நூலாக எடுப்பது. ஒருவர் போட ஒருவர் சுற்ற வேண்டிய வேலை. அப்படியானால் நான் அழுதுகொண்டிருந்த நேரத்தில் நங்கையாவும் அண்ணாவும் எனக்காகப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பாதி எலுமிச்சை பிழிந்து தாளித்தது, மீதி தேங்காய்த்துருவலும் நாட்டுச்சர்க்கரையும் போட்டது. இடையில் யாரும் இழுக்காமல், எழுந்து ஓடாமல், இரண்டையும் மாற்றி மாற்றி கடைசி நூல் வரை சாப்பிட்டேன். ஆற்றில் காலை விட்டால் மீன் கடித்தது. இரண்டு வருடத்தில் நான் நிதானமாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு.

திரும்பும்போது பஸ் முழுக்க மணந்தது. "கல்யாண ஊட்டுக்குங்களா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன். அன்றைக்கு இரண்டாவது பொய்.

வீட்டுக்குப் பின்கட்டு வழியாகப் போனேன். நங்கையா பூவை நெருக்கமாகச் சரம் கட்டி, வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். குளிர்ச்சி இறங்கியது. அண்ணா திகைத்துப்போய், "இன்னைக்கு என்ன விசேசம், ஊடே மணக்குது?" என்றார். "நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றார் நங்கையா.

சிந்து வந்தாள். பகலெல்லாம் என்னைக் காணாதவள். வழி நெடுக, அவள் கேட்டால் என்ன சொல்லித் தடுப்பது என்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். மடியில் ஏறினாள். முந்தானையை விலக்கினாள். மோந்து பார்த்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சரத்தின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் வந்தது. "பூ" என்றாள், யாரோ எனக்குள் ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்தவள் போல. பிறகு மடியிலிருந்து இறங்கி, அதை எடுத்துக்கொண்டு கன்றுக்குட்டியிடம் போனாள். அண்ணா கன்றைப் பிடித்துக்கொள்ள, அதன் கழுத்தில் சுற்றினாள். கன்று நாக்கை நீட்டி அதைத் தின்றது. சிந்து சிரித்த சிரிப்பில் குஞ்சுகள் சிதறி ஓடின.

நான் சேர்த்து வைத்த சொற்கள் எதற்கும் வேலையில்லை. மடி காலியாக இருந்தது. நங்கையா ஒரு தட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்து முன்னால் நகர்த்தினார். "நம்ம கன்னு மறந்துபோட்டுது. இனி நீ சாப்புடு." சிந்து திரும்பி வந்து, எதிரில் உட்கார்ந்து, அதே தட்டிலிருந்து கைநிறைய அள்ளி, முழங்கை வரை வழியவிட்டுத் தின்றாள். மூன்று வாய் இல்லை. நான் எண்ணவில்லை.

இன்னும் இரண்டு நாள் பூ மாற்றிக் கட்டினோம். அதற்குள் வற்றிவிட்டது. டின் மாவைக் குஞ்சுகளுக்குப் போட்டேன், அவை மோந்துவிட்டுப் போய்விட்டன. ஐந்து லிட்டர் கேனில் நங்கையா தேங்காயெண்ணெய் நிரப்பிக் கொடுத்தார். ஜூன் மாதம் நான் பள்ளிக்கூடம் போனேன்.

உங்களுக்குச் சில யோசனைகள். மே மாதம் போங்கள். பூ மலிவு, மாம்பழமும் இருக்கும். சத்தியமங்கலத்தில் முன்பகலிலேயே வாங்கிவிடுங்கள், மத்தியானம் ஆனால் மொட்டு விரிந்துவிடும். படித்துறையில் சாப்பிட வீட்டிலிருந்தே எதையாவது கட்டிக்கொண்டு போங்கள். பால் கட்டிய இடம் சிவந்து காய்ச்சலும் அடித்தால் பூவை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெர்மாமீட்டர் ஒன்று போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுக்கும் ஓர் ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அது யார் என்று யோசித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

சிந்து அந்த நான்கு நாளில் மறந்ததுதான், பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியிலிருக்கும் பையைத் தட்டும் பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.