ஆக்சுவரி ஆகாத அண்ணன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தோல் கிடங்கிலிருந்து பழைய பலகை ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். தோலை விரித்துப்போட்டுச் சுரண்டிய பலகை. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். வாடை போகவில்லை. இரண்டு மரப்பெட்டிகளின் மேல் அதைத் தூக்கி வைத்து, “இந்தால, மேசை. இனிமே அவரு கேட்டா இருக்குன்னு சொல்லு” என்றார் அப்பா, அண்ணனிடம். பம்பாய் தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை. மேசை வந்தபிறகு அம்மாவும் நானும் அதன் அடியில் கால் நீட்டித்தான் படுத்தோம்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க மேசை இருக்கிறதா என்று கேட்டவர் அண்ணனுடைய அதிகாரி. அண்ணன் கணிதத்தில் பி.ஏ. தேறி, கோட்டைப் பகுதியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தான். எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அவன் ஆக்சுவரி ஆகப் போவதாகச் சொன்னபோது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. “ஆயிரம் பேரு இருந்தா வருசத்துக்கு எத்தன பேரு சாவாவன்னு கணக்குப் போட்டு, அதுக்குத் தக்கன பிரீமியம் எவ்வளவுன்னு சொல்லுத வேலம்மா” என்று விளக்கினான். “ஏல, அது எமன் பாக்குத வேலல்லா” என்றாள் அம்மா. அண்ணன் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அப்படிச் சிரிக்கக்கூடியவனாகத்தான் இருந்தான்.

பரீட்சை லண்டனிலிருந்து நடந்தது. கணிதப் பட்டம் வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸ் அனுபவம் வேண்டும். ஏற்கெனவே ஆக்சுவரியான ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும். அதன்பிறகு பாகம் பாகமாக எழுத வேண்டும். ஒரு பாகத்தில் ஒரு தாளில் தவறினாலும் அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. புத்தகங்கள் கப்பலில் வர வேண்டும், யுத்தத்தில் அதுவும் நின்றுபோயிருந்தது. இருந்த ஒரே செட் அதிகாரியின் அலமாரியில், அவருடைய பூட்டுக்குள் இருந்தது. சிபாரிசு செய்யும் தகுதியுள்ளவரும் அந்த ஆபீசில் அவர் ஒருவர்தான்.

மேசை இருக்கிறது என்று அண்ணன் போய்ச் சொன்னதும் அவர் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. ஞாயிறு தவறாமல் அண்ணன் மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குப் போனான். அவருடைய மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்களுக்காக ரேஷன் வரிசையில் நின்றான். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றே காலத்தை ஓட்டி, கடைசியில் ஒருநாள் ஏதோ நல்ல மனநிலையில் கையெழுத்துப் போட்டார். முதல் பாகத்தின் புத்தகங்களையும் கொடுத்தார். முதல் முறை அண்ணன் தவறினான். அடுத்த முறை தேறினான்.

அன்று அவன் என்னையும் மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வழியில் ஒரு பெட்டி பேடா வாங்கினான். இரண்டாவது மாடி வாசலில் நின்றோம். அதிகாரி வந்து கதவைப் பாதி திறந்து நின்றார். அண்ணன் பெட்டியை நீட்டினான். “அப்படி ஜன்னல்ல வச்சுடு” என்றார். வைத்தான். அடுத்த பாகத்துக்குப் புத்தகமும், படிக்கக் கொஞ்சம் லீவும் வேண்டும் என்று கேட்டான்.

“லீவு இந்தத் தடவை மருமானுக்குச் சொல்லியாச்சு. புஸ்தகமும் அவன்கிட்டத்தான் இருக்கு” என்றார். அவருடைய அக்கா பிள்ளை அதே ஆபீசில் அண்ணனுக்குப் பின்னால் சேர்ந்தவன். இன்னும் முதல் பாகம்கூட முடிக்காதவன். அண்ணன் நகராமல் நின்றான். அவர் குரலைக் கனிவாக்கிக்கொண்டார். “நோக்கு இது போதாதோ? உங்க ஜனங்கள்ல இவ்வளவு தூரம் யார் வந்திருக்கா? சந்தோஷமா இரு.”

அவர் கத்தியிருந்தால் அண்ணன் பதிலுக்குக் கத்தியிருப்பான். அந்தக் கனிவுதான் அவனை முடித்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வீட்டில் அப்பாவிடம், “லீவு இல்லியாம்” என்றான். அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போனான். அடுத்த பாகத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து பிறகு பேச்சே வரவில்லை. மருமான் சில வருஷங்களில் எல்லாப் பாகங்களும் முடித்து அண்ணனுக்கே அதிகாரியானார். அவர் மேசைக்குப் போகும் கணக்குகளை அண்ணன் போட்டுக் கொடுத்தான், அவரை சார் என்று கூப்பிட்டான்.

நான் மெட்ரிக் தேறியபோது கணக்கில் நல்ல மார்க். கல்லூரியில் சேர்கிறேன் என்றேன். அப்பாவுக்கு அதற்குள் மூச்சு முட்டல் வந்து, வீட்டில் அண்ணன் சொல்தான் சொல்.

“வேண்டாம்ட்டி. படிச்சா அவுக வாசல்ல போயி நிக்கணும். நான் நின்னது போதும்.”

“நீ நின்னா நானும் நிக்கணுமா? நான் உள்ள போவேன்” என்றேன்.

“போயிருவியோ?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. தை மாதம் விக்ரோலியில் பட்டறை வேலையிலிருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தான். நல்ல மனிதர்தான். ஆனாலும் என்னைக் காப்பாற்றிவிட்டதாகக் கடைசிவரை அண்ணன் நம்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அதிகாரி யாரோ. அவரிடம் எனக்கு என்ன எதிர்பார்ப்பு? இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்.

அண்ணன் ரிட்டயரான மறு வருஷம் இறந்தான். ஆபீசிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அந்த மருமானும் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்து. உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார். என்னிடம் வந்து, “ரொம்ப நன்னா கணக்குப் போடுவார்ம்மா உங்க அண்ணா. ஏன் மேல எழுதாம விட்டார்னு எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவருக்கு அதுல இஷ்டமில்லேன்னு மாமா சொல்வார்” என்றார்.

இத்தனை வருஷம் அந்த ஆபீசில் அண்ணனைப் பற்றி உலவிய கதை அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். மறுத்துப் பேசியதில்லை.

“இஷ்டம் இருந்துச்சு. உங்க மாமா வீட்டு வாசல்ல வந்து கேட்டான், நானும் கூட நின்னேன். புஸ்தகம் உங்ககிட்ட இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாவ” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கிடத்தியிருந்த அண்ணனைப் பார்த்தார். “அப்படியா” என்றார். கூட வந்தவர்கள் கிளம்புகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.