எங்களுக்குப் பின்னால் வந்த படகு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் படகில் நான் இருந்தேன். என் மனைவி நடீன் இருந்தாள். என் அண்ணன் ஹார்லனும்... இருந்தான்.

டென்னசி ஆறு. அக்டோபர் கடைசி. மாலை ஆறு பத்து. ஆற்றின் மேற்பக்கத் தீவில் கெளுத்தி வறுத்துத் தின்றுவிட்டு அண்ணனின் படகில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். மின்சார அணையைத் தாண்ட லாக் என்கிற நீர்த்தொட்டிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். முன்னும் பின்னும் இரும்புக் கதவு. உள்ளே இருக்கும் தண்ணீரை வடிப்பார்கள். படகும் கூடவே இறங்கும். முன்கதவு திறந்ததும் போய்விடலாம். சின்ன வயதிலிருந்து போகிற வழிதான்.

சுவரோரம் ஒரு மிதவைத் தூண் உண்டு. தண்ணீரோடு அதுவும் இறங்கும். அண்ணன் அதில் கயிற்றை மாட்டி, முனையைப் பிடித்துக்கொண்டான்.

"கயித்தைக் கையில சுத்திக்காதீங்க ஹார்லன்," என்றாள் நடீன்.

"உன் புருஷனை மிரட்டும்மா. நான் இந்த ஆத்துலயே பொறந்து வளந்தவன்."

சுற்றாமல்தான் பிடித்திருந்தான். நானே பார்த்தேன்.

பின்கதவு மூடியது. ரேடியோ கரகரத்தது. மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேவிஸ்.

"ஹார்லன், உங்க பின்னாடி வந்தவரையும் கயிறு கட்டச் சொல்லுங்க. தண்ணியை இறக்கப்போறேன்."

திரும்பிப் பார்த்தேன். லேசான பனிமூட்டம். வெறும் தண்ணீர்.

"யாரும்மா? நாங்க மட்டும்தானே இருக்கோம்!" என்றான் அண்ணன் ரேடியோவில்.

"விளையாடாதீங்க. சின்ன அலுமினியப் படகு. ஒருத்தர் நிக்கிறாரு... உங்களையேதான் பாக்குறாரு."

அண்ணன் முகம் வெளுத்துப்போனது.

"சீக்கிரம் இறக்கு மேவிஸ்! எங்களை வெளிய விடு!"

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. சுவர் உயர்ந்துகொண்டே போனது.

மறுபடி ரேடியோ. இம்முறை மேவிஸின் குரல் நடுங்கியது.

"அவர் தண்ணிக்குள்ள இறங்கிட்டாரு... உங்க பக்கம்தான் வர்றாரு..."

டங்.

படகின் அடியில்.

டங்... டங்...

"மரக்கட்டையா இருக்கும்," என்றேன். மரக்கட்டை இப்படி நிறுத்தி நிறுத்தித் தட்டாது.

சத்தம் நகர்ந்தது. என் காலடி... நடீன் காலடி...

அண்ணன் காலடியில் நின்றது.

அந்த நொடியில் மிதவைத் தூண் சிக்கிக்கொண்டது. நாங்கள் இறங்கினோம். அது இறங்கவில்லை. கயிறு அண்ணன் மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்தது.

அவனைத் தூக்கியது.

கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கீழே தண்ணீரைப் பார்த்தான்.

"நீ கத்துனது கேட்டுச்சு... கேட்டும்தான் நிக்காம போனேன்..."

கயிறு அறுந்தது.

நான் அறுக்கவில்லை.

தொபீர்...

அவன் மேலே வரவில்லை. லைஃப் ஜாக்கெட் வந்தது. கொக்கிகள் எல்லாம் மாட்டியபடியே...

முக்குளிப்பவர்கள் வந்து லாக்கின் அடி முழுக்கத் தடவித் தேடினார்கள். சேற்றைத் தவிர ஒன்றுமில்லை என்றார்கள்.

ஜனவரியில், பழுதுபார்ப்பதற்காக லாக்கை வற்றவைத்தார்கள். அடியில் ஓர் அலுமினியப் படகு கிடந்தது. அண்ணன் மூழ்குவதற்கு ஒரு வருடம் முன்பு தனியாக மீன் பிடிக்கப் போய்க் காணாமல்போன டெல்பர்ட் ஸ்லோனின் படகு. பக்கவாட்டில் பெரிய கிழிசல். கிழிசலின் ஓரத்தில் அண்ணன் படகின் நீலச் சாயம்.

உள்ளே என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் இருக்கையோடு கட்டப்பட்டு.

டெல்பர்ட் இன்னும் கிடைக்கவில்லை.