கைகாட்ட மறுத்தவர்

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளிர் குழுக்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. எங்கள் வன்னியம்பட்டியிலிருந்து நானும் இன்னொருத்தியும் போயிருந்தோம். பயிற்சி கொடுக்க வந்த பெண், ஒரு குழுவை நடத்துகிறவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். பொறுமை என்றாள் ஒருத்தி. நேர்மை, ஆள் பார்த்து நடத்தாத மனசு, மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். என் முறை வந்தபோது எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சொன்ன அத்தனை குணமும் இருந்த ஒருவருக்குக் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால்தான் வாய் வரவில்லை.

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில், வைண்டிங் பகுதியில் இருந்தேன். பாபின்களில் வரும் நூலைப் பெரிய கோன்களாகச் சுற்றி அனுப்பும் இடம் அது. அந்தப் பகுதியில் எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் ராஜபாளையம், மீதிப் பேர் என்னைப் போல ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து மில் வேனில் வருகிறவர்கள். முதலில் இருந்த லீடர் ஒரு ஆண். கத்துவார். அவருக்குப் பிடித்தவர்களுக்கு வாசல் பக்கத்து மெஷின், பிடிக்காதவர்களுக்குக் கடைசி மெஷின். கடைசியில் பஞ்சுத் தூசி முழுவதும் வந்து படியும். ஒரு ஷிப்ட் முடிந்தால் புருவம்கூட நரைத்த மாதிரி ஆகிவிடும். அவர் வேறு மில்லுக்குப் போனதும்தான் அந்த அக்கா வந்தார்.

அக்காவுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. எங்கள்மேல் கோபம் வந்தால் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். திரும்பி வந்து தமிழில் பேசும்போது கோபம் பாதியாகியிருக்கும். வந்த முதல் சில நாட்கள் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் எங்களோடு நின்று வேலை பார்த்தார். பிறகு ஒருநாள், இனிமேல் கடைசி மெஷின் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் மாறி மாறிப் போகவேண்டும், தானும் போவேன் என்றார். மூச்சிரைப்பு உள்ள ஒருத்தியை மட்டும் அதிலிருந்து விலக்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு மூச்சிரைப்பு என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றிருக்கிறோம்.

மில்லில் ஒவ்வொரு ரக நூலுக்கும் ஒவ்வொரு நிறத்தில் பாபின் இருக்கும். நிறம் மாறிப் போட்டால் ரகம் கலந்துவிடும். ஒருமுறை அப்படிக் கலந்து, கோன் மூட்டைகள் வாங்கிய இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டன. மேனேஜர் நேராக எங்கள் பகுதிக்கே வந்து, யார் வேலை இது என்று கேட்டார். யார் என்று எங்களுக்குத் தெரியும், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. அவள் உதடு வெளிறிப்போயிருந்தது. அக்கா முன்னால் போய், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை, என்னைக் கேளுங்கள் என்றார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். அக்கா தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தோம். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவளை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். நான் தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

"ராத்திரி தூங்குனியா?"

பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை என்றாள் அவள்.

"அதை எங்கிட்ட காலையிலயே சொல்லியிருக்கணும்ட்டி. நீ சொல்லாம மெஷின்ல நின்னதுதான் தப்பு. நூலு கலந்தது அதுக்குப் பொறவுதான்."

மறுநாளிலிருந்து எல்லோரும் பாபினைப் போடுவதற்கு முன் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று வைத்தார். அவளை மட்டும் சொல்லச் சொல்லவில்லை, எல்லோரையும் சொல்லச் சொன்னார். மெஷின் சத்தத்துக்குள் நாங்கள் பச்சை, மஞ்சள், நீலம் என்று கத்திக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று சிரிப்பு வரும். அதற்கப்புறம் எங்களிடமிருந்து ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை.

இளகின மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அக்காவின் நாத்தனார் மகளும் எங்களோடு வேலை பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் தாமதமாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. ஒருநாள் அவளையும் அப்படியே வாசலோடு திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை என்று அவளே பிறகு சொன்னாள். அக்காவிடம் ஒரே ஒரு குறைதான் எனக்குத் தெரிந்தது. மேலே இருக்கிறவர்களிடம் நிதானமாக எடுத்துச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்று நம்பினார். சின்னச் சின்ன விஷயங்களில் கேட்கவும் செய்தார்கள். குடிதண்ணீர் கேன் வந்தது, பழைய மின்விசிறியை மாற்றினார்கள். அதனால் அந்த நம்பிக்கை அவரிடம் வளர்ந்துபோயிருந்தது.

பிறகு நூல் விற்காமல் போயிற்று. கோடவுனில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. ராத்திரி ஷிப்ட் நின்றது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். கத்தவில்லையாம், டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் பேசினாராம். உங்கள் பகுதியில் பாதிப் பேரைத்தான் இனி வைத்துக்கொள்ள முடியும், அவர்களோடு பழகுகிறவர் நீங்கள், யார் இருக்கலாம் யார் போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாராம். வேறு எந்த லீடராக இருந்தாலும் இதை எங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அக்கா நேரே வந்து, டீ இடைவேளையில் எங்களை உட்காரவைத்து அப்படியே சொன்னார்.

"பாதிப் பேரைக் கைகாட்டச் சொல்லுதாக. நான் காட்டல. வேலையைப் பங்கு வச்சுக்கிடுதோம், ஆளுக்குப் பாதி நாள் வாரோம், யாரையும் நிப்பாட்டாதீகன்னு கேட்டிருக்கேன். சரின்னுட்டாக. ஆனா உங்களைக் கேக்காம நான் முடிவு சொல்லல."

எங்களிலேயே வேகமாக வேலை பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள். அறுந்த நூலை முடிச்சுப் போடுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவள்தான் வாயைத் திறந்தாள். நன்றாக வேலை செய்கிறவளுக்கும் பாதிச் சம்பளம், சுமாராகச் செய்கிறவளுக்கும் பாதிச் சம்பளமா என்றாள்.

"நீ கேக்கது நியாயந்தான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றார் அக்கா.

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளும் தலையாட்டிவிட்டாள். ஒருத்தி அழுதாள். எங்களை ஒன்றாக வைத்திருக்க ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன். இன்று யோசித்தாலும் அந்த மில்லில் நான் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

பாதி நாள் வேலை ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் கெட்டது. பாதிச் சம்பளத்தில் எந்த வீடும் ஓடவில்லை. முன்பெல்லாம் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் இன்னொருத்தி சிரித்துக்கொண்டே அவள் மெஷினையும் பார்ப்பாள். இப்போது யார் எந்த நாள் வருவது என்பதிலேயே சண்டை. திருவிழா வாரத்தில் எனக்கு ஏன் குறைத்தீர்கள் என்று அக்காவிடம் ஒருத்தி, என் நாளை அவளுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று இன்னொருத்தி. அக்கா தன் நாட்களையும் விட்டுக்கொடுத்தார். அப்படியும் போதவில்லை. பாபின் நிறத்தைச் சொல்லும் குரல்கள் குறைந்து, பிறகு நின்றேபோயின. சொல்லுங்கள் என்று அக்காவும் கேட்கவில்லை.

ஆறேழு மாதம் அப்படி ஓடியது. ஒருநாள் மில் வாசலில் இரண்டு பெரிய லாரிகள் வந்து நின்றன. தானாகவே நூலுக்கு முடிச்சுப் போட்டுத் தானாகவே சுற்றும் புது மெஷின்கள். அவற்றுக்கு எங்களைப் போல அத்தனை பேர் தேவையில்லை. பார்த்துக்கொள்ள வடநாட்டுப் பெண்களை ஒப்பந்தக்காரர் மூலம் கொண்டுவந்து, மில்லுக்குள்ளேயே தங்கவைக்கப் போகிறார்களாம். இந்த மெஷின்களுக்கு முந்தின வருடமே சொல்லிவைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. டீ வாங்கிக் கொடுத்துப் பேசிய அன்றைக்கே அது முடிவாகியிருந்தது. புது மெஷின் வரும்வரை சண்டை போடாமலும் வேறு மில்லுக்குப் போகாமலும் இருக்க அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, அக்கா அதைத் தெரியாமல் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார்.

கடைசி நாளில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜர் அறைக்குப் போனோம். அக்கா முன்னால் நின்றார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என் கையில் ஒன்றுமில்லை அம்மா என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அது பொய்யாகவும் தெரியவில்லை. யாரிடம் போய்ப் பேசினால் நடக்கும் என்று அக்கா கேட்டதற்கு, கோயம்புத்தூரில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து வேனுக்காக நின்றபோது, அந்த வேகமாக வேலை பார்க்கிறவள் அக்காவிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அன்னைக்கே என்னையப் போன்னு சொல்லியிருந்தா, பக்கத்து மில்லுல சேந்திருப்பேன்க்கா. அப்ப ஆள் எடுத்துக்கிட்டு இருந்தாக. இப்ப அங்கயும் எடுக்கல."

"ஆமா" என்றார் அக்கா. "அதை நான் யோசிக்கல."

அவள் சொன்னது எங்களில் பலர் மனசுக்குள் இருந்ததுதான். பாதிப் பேரை அன்றே கைகாட்டியிருந்தால் அந்தப் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள். யாரையும் கைவிடக்கூடாது என்று நினைத்ததில் எல்லோரும் ஒன்றாக முங்கினோம். அக்கா செய்தது தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதே மாதிரிதான் முடிந்திருக்கும்.

அக்காவை மட்டும் இருக்கச் சொன்னார்கள். புது மெஷின் பகுதிக்கும் ஒரு லீடர் வேண்டுமே. அவர் வீட்டுக்காரர் தறிப்பட்டறையில் விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தார். அக்கா இருந்துகொண்டார். எங்களில் சிலர் அதற்கும் பேசினார்கள். நான் பேசவில்லை, ஆனால் பேசியவர்களைத் தடுக்கவும் இல்லை.

நாங்கள் சிதறிப்போனோம். இருவர் குடும்பத்தோடு திருப்பூர் போனார்கள். கைக்குழந்தைக்காரி ஆலங்குளம் பக்கம் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். முகூர்த்தம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு வருடம் கழித்து, என் மாமியாருக்கு மருந்து வாங்க ராஜபாளையம் போனவள், பழைய பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மதிய ஷிப்டுக்குப் போக வேனுக்காக உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், விடாத இருமல். பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுப் பெண்கள் எப்படி என்று கேட்டேன்.

எல்லாம் சின்ன வயசு, நல்ல பிள்ளைகள்தான் என்றார். மூன்று மாதம், நான்கு மாதம் என்று ஒப்பந்தக்காரர் ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கிறாராம். முகம் பழகுவதற்குள் போய்விடுகிறார்களாம். போன மாதம் ஒருத்தி மெஷின் பக்கத்தில் நின்று விடாமல் அழுதாளாம். என்ன என்று கேட்க அக்காவுக்கு அவள் மொழி தெரியாது. தமிழில் கேட்டாராம், தெலுங்கில் கேட்டாராம். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், பிறகு கதவைக் காட்டினாள், பிறகு ஒன்றும் காட்டவில்லை. மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாளாம். அவள் எங்கே போனாள் என்று விசாரித்ததற்கு, அது ஒப்பந்தக்காரர் பாடு என்று சொல்லிவிட்டார்களாம்.

"எங்கிட்ட இருந்ததே வாய் ஒண்ணுதான். அது அங்க செல்லாது" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப நான் யாரையும் ஒண்ணும் கேக்கதில்ல" என்றார்.

எனக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் போல இருந்தது. நீங்கள் இருந்தபோது நாங்கள் நன்றாக இருந்தோம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு ஆறுதலாக இல்லை என்பது தெரிந்தது. வேன் வந்தது. என் தோளைத் தொட்டு, வாரேன் என்று சொல்லி எழுந்து, டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரே விட்டாரா, விடச் சொன்னார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டை மாற்றிக்கொண்டு மகன் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள், இல்லை இங்கேதான் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். எங்களோடு வேலை பார்த்தவர்களில் யாரையாவது சந்தையிலோ மண்டபத்திலோ பார்க்கும்போது அக்கா பேச்சு வரும். ஒருநாள் எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லிக்கொள்வோம். இதுவரை யாரும் போகவில்லை. போனால் அவரிடம் என்ன சொல்வது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.