விண்வெளி உடுப்புக்கு விட்ட மூன்று அங்குலம்

1. தொலைபேசி

பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். நிரோசன் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, உங்கட பேர் நொமினேசன்ல வந்திரிக்கு!”

கொஞ்ச நாளைக்கு முன்புதான் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கப் பெண்கள் போதவில்லை என்று ஒரு கட்சிக்காரர் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகத் திரிந்தார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றுதான் நான் அன்று தப்பினேன்.

“தம்பி, நான் எலெக்சன் கேக்கமாட்டன். எனக்கு மேடையில நிக்கவும் தெரியா, கும்பிடவும் தெரியா. என்ட பேர வெட்டச் சொல்லுங்க.”

“எலெக்சன் இல்ல அக்கா, படம்! நாங்க எடுத்த குறும்படம். சிறந்த உடை வடிவமைப்பு எண்டு உங்கட பேரும் போட்டிரிக்காங்க.”

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டேன். “மேடையில ஏறணுமா?”

“ஏறத்தான் வேணும்.”

“அப்ப எலெக்சனே பரவாயில்ல” என்றேன்.

தையல் வகுப்புப் பிள்ளைகள் வெளியிடும் மலருக்குத் தொழில் அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுவது எனக்குப் பேசுவதைவிட லேசு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2. வளராத ஆளுக்கு மடிப்பு

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் வெல்லாவெளிப் பக்கம் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தைக்கிறேன். பள்ளிக்கூட உடுப்பு மட்டும்தான். கல்யாணச் சட்டை தைத்தால் பொம்பிளையிடம் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். பள்ளிக்கூடச் சட்டைக்குக் கேள்வியே இல்லை. அளவு நாடாவைப் பிடித்தால் போதும்.

ஆனால் எல்லாத் தாய்மாரும் ஒரே ஒரு வசனம் சொல்வார்கள். “மூண்டு வருசமாவது போடோணும், அக்கா.” அதனால் காலில் மூன்று அங்குலம், கையில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பேன். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். இது எனக்குக் கைப்பழக்கம். யோசித்துச் செய்வதில்லை.

நிரோசன் தம்பி எங்கள் ஊர்ப் பிள்ளை. கமெராவும் கையுமாகத் திரிவார். ஒருநாள் வந்து, ஓர் ஆள் வேறொரு கிரகத்தில் தனியாக அலைகிற கதை என்றும், அந்த ஆளுக்கு விண்வெளி உடுப்பு வேண்டும் என்றும் சொன்னார். தொலைபேசியில் படங்கள் காட்டினார். கேட்க எனக்கு எத்தனையோ கேள்விகள் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டேன். என் வெட்கத்தால் வந்த வினை அது.

எனக்குத் தெரிந்ததைத் தைத்தேன். வெள்ளை ட்ரில் துணியில் ஒரு கோட், காலுக்கு ஒரு லோங்ஸ். கழுத்துக்குக் கொலர். நெஞ்சில் பள்ளிக்கூட பெட்ஜ் குத்துகிற இடத்தில் இரட்டைத் துணி. பக்கத்தில் ஒரு பொக்கற்.

நடிக்கிற தினேஸை அழைத்துக்கொண்டு வந்து தம்பி உடுப்பைப் புரட்டிப் பார்த்தார்.

“அக்கா, இது என்ன பொக்கற்?”

“பேனைக்கு.”

“விண்வெளியில என்னத்துக்கு அக்கா பேனை?”

“எழுத வேண்டி வந்தா?”

அவர் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார். பிறகு கால் மடிப்பைப் பிடித்துப் பார்த்தார். “இவனுக்கு இருபத்தாறு வயசு. இனி வளருவானா?”

“இரிக்கட்டும் தம்பி” என்றேன். தினேஸ் என் உயரம்தான் இருப்பான். “அக்காவுக்கு மட்டும்தான் என்னில நம்பிக்கை இரிக்கு” என்று அவன் சொன்னான்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்து, முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியை வெள்ளையாக்கி முதுகில் மாட்டினார்கள். முழுவதும் போட்டுக்கொண்டு அவன் ஒழுங்கையில் இறங்கியபோது எதிரே வந்த ஒருவர், “தம்பி, நெல்லில அறக்கொட்டியான் பூச்சிக்கு என்ன மருந்து நல்லது?” என்று கேட்டார்.

3. கட்டார் விசா

வாவியில் தண்ணீர் வற்றும் காலத்தில் ஓரமாக ஒரு பெரிய சேற்றுத் திடல் வெளியே தெரியும். வெடித்துப் போய், புல் பூண்டு இல்லாமல், உண்மையாகவே வேறு உலகம் போல இருக்கும். அங்கேதான் படப்பிடிப்பு. மாரி தொடங்கினால் திடல் தண்ணீருக்குக் கீழே போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

பாதிப் படம் முடிந்திருந்தது. வானம் மூடத் தொடங்கியிருந்தது. அன்றைக்குப் பார்த்துத் தினேஸுக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்த விசா. அடுத்த நாளே கொழும்புக்குப் போய்விட்டான். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான், அது பெரிய விசயம்.

அவன் போன அன்று மத்தியானம் தம்பி மோட்டார் சைக்கிளில் என் வாசலுக்கு வந்தார். அழுதாரா, வேர்வையா என்று தெரியவில்லை.

“பிளேட்டையும் நூலையும் எடுத்துக்கொண்டு ஏறுங்க அக்கா.”

திடலில் சசி நின்றான். எங்கள் ஊர்க் கழகத்துக்கு வேகப்பந்து போடுகிறவன். பனை மாதிரி உயரம். கறுப்புக் கண்ணாடிக்குள் முகம் தெரியாததால் யார் போட்டாலும் ஒன்றுதான் என்று தம்பி அவனைப் பிடித்துவந்திருந்தார். முகம் ஒன்றாகலாம். கால் ஒன்றாகுமா? லோங்ஸ் கணுக்காலுக்கு மேலே நின்றது. நெல் நாற்று நடப் போகிற ஆள் போல இருந்தான்.

“துணி வாங்கிப் புதிசா ஒண்டு தைக்க எத்தனை நாள்?” தம்பி கேட்டார்.

“ரெண்டு நாள்.”

தம்பி வானத்தைப் பார்த்தார். வானம் ஏற்கெனவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் குந்தி இருந்து, சசி நிற்க நிற்கவே கால் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினேன். இளந்தாரி ஒருவனின் காலடியில் இருந்து வேலை செய்ததில்லை. எனக்கு வெட்கம். அவனுக்குக் கூச்சம். நடுவில் ஒரு நண்டு வேறு வந்தது.

“அக்கா, நண்டு, நண்டு!”

“ஆடாத மனே, பிளேட் இரிக்கு.”

“நண்டு கடிச்சா நல்லமா, பிளேட் வெட்டினா நல்லமா, அக்கா?”

“நண்டு கடிச்சா உனக்கு மட்டும்தான். பிளேட் வெட்டினா துணிக்கும்.”

சசி சிரித்துச் சிரித்து ஆடினான். நண்டு எங்களைவிட நாகரிகமாக விலகிப் போனது.

மூன்று அங்குலமும் இறங்கியது. கையில் இரண்டும் இறங்கியது. அளவு சரி. ஆனால் பல நாள் சேற்றில் புரண்ட துணி வெளியே பழுப்பு நிறம். மடிப்புக்குள் இருந்த துணி புத்தம் புது வெள்ளை. இரண்டு கால் நுனியிலும் இரண்டு கை நுனியிலும் வெள்ளைப் பட்டி பளிச்சென்று தெரிந்தது.

“சேறு பூசட்டா?” என்று கேட்டேன்.

தலையில் முதல் துளி விழுந்தது. “நேரமில்ல அக்கா, நட சசி, நட!” என்று தம்பி கத்தினார். சசி பந்து போட ஓடி வருகிறவன் போல எட்டி எட்டி நடந்தான். முடித்த மறுநாள் திடல் இல்லை.

4. நடுவர்கள் கண்ட வெள்ளை

குறும்பட விழாக்காரர் அனுப்பிய கடிதத்தைத் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினார். உடைக்கான குறிப்பு இப்படி இருந்தது: விண்வெளியில் மனித உடல் நீளும் என்பதை, ஒரு வசனமும் இல்லாமல், கைகால் நுனியில் வெளிப்படும் புதிய வெள்ளைத் துணியால் காட்டியிருக்கிறார்.

“உடம்பு நீளுமா தம்பி?”

“நானும் இப்பத்தான் தேடிப் பாத்தன் அக்கா. நீளுமாம்.”

எங்கள் படத்துக்கு இன்னொரு நொமினேசனும் கிடைத்திருந்தது. சிறந்த நடிகர்: தினேஸ். முன்பாதியில் தயங்கித் தயங்கி நடந்தவர் பின்பாதியில் பாய்ந்து நடக்கிறார், தனிமை ஒரு மனிதனை எப்படி மாற்றுகிறது என்பதை நடையாலேயே சொன்னார் என்று எழுதியிருந்தார்கள். படத்தில் ஓடுகிற பெயர் எழுத்தில் தினேஸின் பெயரை மட்டும் முன்னமே போட்டுவிட்டார்கள். அதை மாற்றத் தம்பிக்கு நினைவில்லை. சசியும் கேட்கவில்லை.

“ரெண்டு பேர் நடிச்சது தெரிஞ்சா எல்லாத்தையும் வெட்டிப்போடுவாங்க அக்கா. படமே போயிரும். நீங்க ஒண்டும் பறையாம இரிக்கணும்.”

என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லி ஒருவர் கெஞ்சியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சந்தோசமாக ஒப்புக்கொண்டேன். கடிதத்தின் கடைசி வரியைத் தம்பி அதன் பிறகுதான் வாசித்தார். மேடையில் ஒவ்வொருவரிடமும் நடுவர் ஒரு கேள்வி கேட்பாராம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பேசத் தெரியாது, பொய் சொல்ல அதைவிடத் தெரியாது. என் மச்சாள் மலரோ ஒழுங்கை முழுக்க, “எங்கட மச்சாள் ராக்கெட்டுக்குச் சட்டை தைச்சவ” என்று சொல்லி முடித்திருந்தாள். போகாமல் இருக்கவும் வழியில்லை. அவள் வேன் பிடித்துவிட்டாள்.

5. மேடை

விழா மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில். தம்பி முதல் வரிசையில் இருந்தார். சசி இடம் கிடைக்காமல் கடைசியில் சுவரோடு நின்றான். எல்லாத் தலைக்கும் மேலே அவன் தலை தெரிந்தது.

எங்களுடையது மட்டும்தான் விசித்திரம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. சிறந்த ஒலிக்கு, படம் முடியும்வரை ஸ்டார்ட் ஆகாத ஒரு படகு எஞ்சினின் சத்தத்தைப் பரிந்துரைத்திருந்தார்கள். சிறந்த துணைப் பாத்திரத்துக்கு ஓர் எருமை. அதன் சார்பில் வவுணதீவிலிருந்து அதன் சொந்தக்காரர் வெள்ளைச் சேட்டுடன் வந்திருந்தார்.

“இவ்வளவு அமைதியா நடிக்க அதை எப்படிப் பழக்கினீங்க?” என்று நடுவர் கேட்டார். கண்ணாடி போட்ட ஓர் அம்மா.

“நான் ஒண்டும் பழக்கல்ல மிஸ். அது படுத்திட்டு. எழுப்ப ஏலாமப் போச்சு. அவங்க கதைய மாத்திட்டாங்க.”

மண்டபம் கைதட்டியது. உண்மையைச் சொன்னால் இங்கே கைதட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக் என் நெற்றிக்கு நேரே இருந்தது. இறக்கச் சொல்ல வெட்கம். அண்ணாந்து நின்றேன்.

“அம்மா, விண்வெளியில உடம்பு நீளும் எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தம்பி முதல் வரிசையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“எனக்கு விண்வெளி தெரியா மிஸ். நான் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறனான். உடுப்புப் போடுற ஆள் எப்ப வளரும் எண்டு சொல்லேலாது. அதால உள்ளுக்கு மடிச்சு விடுவன். தேவைப்பட்டிச்சு, பிரிச்சன்.”

பெரிய கைதட்டல். நான் திரும்பி இறங்கப் போனேன். நடுவர் விடவில்லை. சிரித்துக்கொண்டே, “எவ்வளவு வளந்தார்?” என்றார்.

“மூண்டு இஞ்சி.”

“அம்மாடி! பூமிக்கு வந்த பிறகு திரும்பிச் சுருங்கிட்டாரா?”

பகிடிக்குத்தான் கேட்டிருப்பார். என்ன கேட்டாலும் அதற்கே பதில் சொல்கிற ஆள் நான்.

“இல்ல மிஸ், அப்பிடியேதான் இரிக்கார். பின்னால நிக்கார்.”

மண்டபம் முழுக்கத் திரும்பியது. தம்பி கதிரைக்குள் தாழ்ந்து போனார். நடுவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், சுவரோடு நின்ற உயரத்தைப் பார்த்தார்.

“நீங்களா தம்பி தினேஸ்?”

சசி பயந்து போனான். பந்து போடும்போது நடுவருக்குப் பதில் சொல்கிறவன் போல நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னான்.

“இல்ல மிஸ். நான் பின்பாதி. முன்பாதி கட்டார்ல!”

எருமைக்காரர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தம்பி எழுந்து மேடைக்கு வந்து, விசாவையும் மழையையும் நண்டையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். நடுவர்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். நான்தான் அந்தப் பிள்ளையின் படத்தைக் கெடுத்தேன்.

கண்ணாடி அம்மா மைக்கைப் பிடித்தார். “ரெண்டு பேரை ஒரே ஆள் எண்டு எங்கள நம்ப வைச்ச உடுப்பு. ரெண்டு பேரிட பேரையும் எழுதுறம்.” பேனை தேடினார். என்னிடம் இருந்தது. கொடுத்தேன்.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. உடைக்கான பரிசு, நான்கு அண்ணன் தம்பிமார் ஒரே சாரத்தை மாறி மாறி உடுத்துகிற படத்துக்குப் போனது. அந்தச் சாரத்தைத் திரையில் உற்றுப் பார்த்தேன். மூட்டிய இடத்தில் இரட்டைத் தையல், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. சரியான தீர்ப்பு. எருமை வென்றது. அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தினேஸ் கட்டாரிலிருந்து கூப்பிட்டான். “அக்கா, நான் மூண்டு இஞ்சி வளந்திட்டனாமே, ஊரெல்லாம் கதை. இனிப் பொம்பிளை பாக்கச் சொல்லுங்க.”

6. கற்றுக்கொண்டது

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு விசயம் சொல்கிறேன். மடிப்பு விடுங்கள், வளரமாட்டான் என்று யார் சொன்னாலும் விடுங்கள். இரண்டாவது, மடிப்பைப் பிரித்தால் வெள்ளைப் பட்டி தெரியத்தான் செய்யும். யாரும் கேட்கும் முன்பு நாமே சொல்லிவிட்டால் சோறு இறங்கும்.

இப்போது தாய்மார் வந்து, “அக்கா, அந்த நொமினேசன் மடிப்பு வைச்சுத் தாங்க” என்கிறார்கள். அதே மூன்று அங்குலம்தான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

பரிந்துரைச் சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்ட மலர் ஒரு ஃபிரேம் வாங்கி வந்தாள். ஃபிரேம் சிறியது. “கீழ கொஞ்சம் வெட்டிவிடு, மச்சாள்” என்றாள். நான் வெட்டவில்லை. கீழே மூன்று அங்குலம் உள்ளுக்கு மடித்து வைத்தேன். எப்போதாவது பெரிய ஃபிரேம் கிடைத்தால் பிரித்துவிடலாம்.